சுவருக்குள்ள பூச்சு எதுக்கு தம்பி?

சைட் அடிக்கலாம் வாங்க!
ஒரு சிவில் மாணவனின் சிமென்ட் டைரி

போன வாரம் நிஜமாவே கம்பி கட்டுற கதை சொன்னேன். இந்த வாரம் சுவர் கட்டுற கதை. அதுவும் நான் கம்ப்யூட்டர்ல கட்டி, ஒத்தக்கடையில போய் மாட்டிக்கிட்ட கதை!

செமஸ்டர் லீவில் மதுரையில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். முதல் ரெண்டு நாள் ஜெராக்ஸ் எடுக்கிறது, டீ சொல்றதுன்னு போச்சு. மூணாம் நாள் திடீர்னு ஒரு வீட்டு பிளானை நீட்டினார்கள். "தம்பிக்கு ரெவிட் தெரியும்ல? இதை மாடலா போடு. பிரின்ட் எடுத்து சைட்டுக்குக் கொண்டு போகணும். செங்கல் கணக்கும் அதுலயே எடுத்துடு."

தெரியும்லவா? காலேஜ்ல முப்பது நாள் கோர்ஸ் முடிச்சு, சர்ட்டிஃபிகேட்டை லேமினேஷன் பண்ணி வச்சிருக்கிற ஆளாச்சே நான்!

வீடு யானைமலைக்கு இந்தப் பக்கம், மூணு சென்ட் இடத்தில். கட்டுகிறவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் விசில் ஊதி, டிக்கெட் கிழிச்சு சேர்த்த காசு அத்தனையும் அந்த மூணு சென்ட்டில் இறங்கப் போகிறது. இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கிரீனும் மவுஸும்தான்.

ரெண்டே நாளில் மாடல் ரெடி. தூண், பீம், சுவர், கதவு, ஜன்னல்... ஏன், போர்டிகோவில் ஒரு ஸ்கூட்டர்கூட நிறுத்தி வைத்தேன். மூணாவது நாள் பிரின்ட்டைச் சுருட்டிக்கொண்டு பைக்கில் பின்னாடி உட்கார்ந்து சைட்டுக்குப் போனேன்.

மேஸ்திரி பேப்பரை செங்கல் அடுக்கின் மேல் விரித்தார். நாலு மூலையிலும் நாலு கல்லை வைத்தார். ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. ஹாலையும் பார்க்கவில்லை. நேராக ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தக் கோடு என்ன?"

"அது பூச்சுண்ணே. 12 எம்.எம்."

"பூச்சுன்னு தெரியுது. வெளிச்சுவருக்கும் இந்த ரூம் சுவருக்கும் நடுவுல ஓடுதே, அது என்னன்னு கேட்டேன்."

குனிந்து பார்த்தேன். ஆமாம்... வெளிச்சுவரின் உள்பூச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் ஓடியிருந்தது. உள்ளே வரும் குறுக்குச் சுவர் அந்தப் பூச்சில் வந்து முட்டி நின்றது. செங்கலும் செங்கலும் சேரவே இல்லை. நடுவில் ஒரு பூச்சுக் கோடு.

"அப்ப நான் முதல்ல வெளிச்சுவரைக் கட்டி, பூசி, காய வச்சு, அதுக்கப்புறம் பூச்சு மேல ரூம் சுவரை ஒட்ட வைக்கணும். அப்படித்தானே? சுவருக்குள்ள பூச்சு எதுக்கு தம்பி? யாரு பார்க்கப் போறா?"

சித்தாள் அக்கா ஒருவர் சிரித்த சிரிப்பு யானைமலையில் பட்டுத் திரும்பி வந்தது!

மேஸ்திரி சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஆறேழு செங்கலை எடுத்து அங்கேயே அடுக்கிக் காட்டினார். வெளிச்சுவரைக் கட்டும்போதே, குறுக்குச் சுவர் வரவேண்டிய இடத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பள்ளம் விடுவார்கள். குறுக்குச் சுவரின் செங்கல் அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரும். மேல் வரிசைக் கல் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சீப்புக்குள் சீப்பு நுழைகிற மாதிரி.

"இப்படிச் சேர்ந்தாத்தான் ரெண்டும் ஒரே சுவரு. இல்லன்னா பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு சுவரு. நாளைக்கு நடுவுல ஒரு கோடு விழும் தம்பி... நீ போட்ட கோடு மாதிரியே!"

ஆபீஸுக்குத் திரும்பும்போது பைக்கில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜிகர்தண்டா தியரி

சரி, எங்கே தப்பு நடந்தது? இதைப் புரிந்துகொள்ள விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா சொல்லிவிட்டு உட்காருவோம். கடல்பாசி, பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு. சுவரும் அப்படித்தான்... படுக்காமல் நிற்கிற ஜிகர்தண்டா!

எங்கள் பிளானில் வெளிச்சுவர் 9 இஞ்ச். அதாவது வெளியே 20 மி.மீ. பூச்சு, நடுவே 230 மி.மீ. செங்கல், உள்ளே 12 மி.மீ. பூச்சு. ரூம் சுவர் நாலரை இஞ்ச். 115 மி.மீ. செங்கல், ரெண்டு பக்கமும் 12 மி.மீ. பூச்சு. ரெண்டு சுவரும் 'T' மாதிரி சந்திக்கிற இடத்தில் எந்த அடுக்கு உள்ளே போகணும், எந்த அடுக்கு ஒதுங்கி நிற்கணும்? இதுதான் கேள்வியே.

கொத்தனாருக்கு இது கேள்வியே இல்லை. கட்டு முதலில், பூச்சு கடைசியில். ஆனால் கம்ப்யூட்டருக்கு எது கட்டு, எது பூச்சு என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரெவிட்டில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலையும் அதற்கு ஒரு நம்பரும் உண்டு. சுவரைத் தாங்குகிற 'ஸ்ட்ரக்சர்' 1. வேறொரு பொருளுக்கு ஆதாரமாக வரும் 'சப்ஸ்ட்ரேட்' 2. வெப்பத்தைத் தடுக்கிற அல்லது காற்று இடைவெளியாக இருக்கிற அடுக்கு 3. வெளித்தெரிகிற 'ஃபினிஷ்' வகைகள் 4, 5. தடிமனே இல்லாத 'மெம்பிரேன்' ஒன்று தனியாக உண்டு.

சுவர்கள் சந்திக்கும்போது சின்ன நம்பருக்குத்தான் முதல் மரியாதை. 1 என்பவர் எதிரே வரும் 4, 5-ஐ வெட்டிக்கொண்டு போய் இன்னொரு 1-உடன் கை கோர்ப்பார். 5 என்பவர் 1-ஐத் தாண்ட முடியாது. கிட்டத்தட்ட திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிற வரிசை மாதிரி!

இன்னொரு விஷயமும் உண்டு. அடுக்குப் பட்டியலில் மேலும் கீழுமாக 'கோர் பவுண்டரி' என்று ரெண்டு கோடு இருக்கும். அதற்குள் இருப்பதுதான் சுவரின் உள்கட்டு. கோருக்குள் இருக்கும் அடுக்கு, கோருக்கு வெளியே இருக்கும் அடுக்கை நம்பர் பார்க்காமலே வெட்டிக்கொண்டு போகும்.

என் குற்றம் இங்கேதான். புது அடுக்கு சேர்க்க 'இன்சர்ட்' அழுத்தினால், ரெவிட் அதைத் தானாகவே 'ஸ்ட்ரக்சர்' என்று, அதாவது நம்பர் 1 என்று வைத்துக்கொள்ளும். நான் தடிமனை மட்டும் டைப் பண்ணிவிட்டு 'ஓகே' கொடுத்துவிட்டேன். வேலையை மாற்றவில்லை, கோருக்கு வெளியே நகர்த்தவும் இல்லை. விளைவு? 12 மி.மீ. பூச்சுக்கும் 230 மி.மீ. செங்கலுக்கும் ஒரே மரியாதை. பூச்சு ஏன் வழிவிடப் போகிறது? அது பாட்டுக்கு நேராக ஓடிவிட்டது!

கோர்ஸ் படிச்சவனும் 'கோர்ஸ்' மோடும்

"ரெண்டு நாள் வேலை பார்த்தியே, ஸ்கிரீன்ல தெரியலையா?" என்று கேட்பீர்கள். ஆபீஸிலும் கேட்டார்கள். தெரியவில்லை. ரெவிட்டில் பிளானை மூணு விதமாகப் பார்க்கலாம்... கோர்ஸ், மீடியம், ஃபைன். 'கோர்ஸ்' என்றால் மேலோட்டமானது. அதில் அடுக்கு எதுவும் தெரியாது. சுவர் ரெண்டு கோடாகப் பளிச்சென்று இருக்கும். மூலையெல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கும். மீடியமோ ஃபைனோ வைத்தால்தான் உள்ளே இருக்கும் பூச்சும் செங்கலும் வெளியே வரும்.

நான் ரெண்டு நாளும் வேலை பார்த்தது கோர்ஸில். பிரின்ட்டுக்காக ஷீட் தயார் பண்ணும்போது, 'சூப்பரா தெரியட்டுமே' என்று ஃபைனுக்கு மாற்றினேன். மாற்றியவன் ஒரு மூலையைக்கூட பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மேஸ்திரி கண்ணாடியில்லாமல் கண்டுபிடித்தார்!

திருத்த எடுத்த நேரம் பத்து நிமிஷம்கூட இல்லை. பூச்சு அடுக்குகளைக் கோருக்கு வெளியே தள்ளி, ஃபினிஷ் என்று மாற்றினேன். வெளிச்சுவரில் ஒரு மெட்டீரியல், உள்சுவரில் பெயர் மாறிய இன்னொரு மெட்டீரியல் என்று இருந்த செங்கலை ரெண்டிலும் ஒரே மெட்டீரியலாக்கினேன். இது முக்கியம். நம்பர் ஒன்றாக இருந்தாலும் மெட்டீரியல் வேறாக இருந்தால், ரெண்டுக்கும் நடுவில் ஒரு கோடு நிற்கத்தான் செய்யும். 'ஓகே' அழுத்தினேன். மாடல் முழுக்க எல்லா மூலையிலும் செங்கல் உள்ளே போய்ச் செங்கலைப் பிடித்தது. பூச்சு சமர்த்தாக ரூமின் உள்மூலையில் வளைந்து திரும்பியது.

மூலைக்கு 80 செங்கல்!

அப்பாடா என்று நிமிர்ந்தால் அடுத்த அடி. மேஸ்திரி மனக்கணக்கில் சொன்ன செங்கலைவிட என் கணக்கு அதிகம். இது வேறொரு தப்பு. வீட்டின் வெளி மூலைகளில் சுவர் சரியாகச் சேராமல் அடம் பிடித்தபோது, 'டிஸ்அலவ் ஜாயின்' போட்டு, ஒரு சுவர் மேல் இன்னொரு சுவரை ஏற்றி மறைத்திருந்தேன். 'ரெண்டு சுவர் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கிறது' என்று ரெவிட் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டியது. அதை மூடிவிட்டேன். நம்மில் யார் எச்சரிக்கைப் பெட்டியைப் படித்திருக்கிறோம்?

கொஞ்சம் கணக்குப் போடலாமா? உள்ளளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர் ஒரு ரூம். 230 மி.மீ. சுவர், 3 மீட்டர் உயரம். நாலு சுவரையும் வெளியளவில் முழு நீளத்துக்கு எடுத்தால் மொத்தம் 15.84 மீட்டர். நடுக்கோட்டு நீளம் பிடித்தால் 14.92 மீட்டர். வித்தியாசம் 0.92 மீட்டர். அதாவது ஒரு மூலைக்கு 0.23 மீட்டர். அதையே கனஅளவாக்கினால் மூலைக்கு சுமார் 0.16 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கட்டுக்கு 500 செங்கல் என்று வைத்தால், மூலைக்கு 80 செங்கல். ஒரே ரூமில் 300-க்கு மேல். அதற்கான சிமென்ட், மணல் தனி!

எஸ்டிமேஷன் பேப்பரில் 'நீளச் சுவர், குட்டைச் சுவர்' முறை, 'சென்டர் லைன்' முறை என்று படித்திருப்போம். T மூலை வந்தால் அரை அகலம் கழிக்கணும் என்று மனப்பாடம் பண்ணியிருப்போம். ஏன் கழிக்கிறோம் என்று என்றைக்காவது யோசித்தோமா? ஒரே மூலையை ரெண்டு தடவை எண்ணாமல் இருப்பதற்குத்தான். சாஃப்ட்வேரில் சுவரைச் சுத்தமாகச் சேர்த்தால் அந்தக் கழித்தலை அது செய்துவிடும். சேர்க்காவிட்டால் ரெண்டு தடவை எண்ணும். கூடுதல் செங்கலுக்குக் காசு கொடுக்கப் போவது நான் இல்லை... அந்தக் கண்டக்டர்.

இந்த மாதிரி மாடலிங் எல்லாம் ரொம்பப் பழசும் இல்லை. ரெவிட்டை உருவாக்கிய கம்பெனி அமெரிக்காவில் 1997-ல் ஆரம்பித்தது. முதல் பதிப்பு 2000-ல் வந்தது. 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் தரும் ஆர்க்கிகேட் இன்னும் சீனியர். 2013-ல் வந்த அதன் 17-ம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கட்டுமானப் பொருளுக்கும் ஒரு பலம் கொடுத்துவிட்டார்கள். பலமுள்ள பொருள், பலம் குறைந்ததை வெட்டிக்கொண்டு போகும். ஊர் வேறு, சாஃப்ட்வேர் வேறு, நியாயம் ஒன்றுதான். அந்த நியாயத்தை ஒத்தக்கடை மேஸ்திரி கரண்டி பிடித்த நாளிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்.

கோடு மறைஞ்சா போதுமா?

ரெண்டாவது தடவை சைட்டுக்குப் போனபோது தைரியமாகவே போனேன். மேஸ்திரி மூலைகளைப் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் ஒரு கான்கிரீட் தூணில் விரல் வைத்தார்.

"இங்க தூணும் செங்கலும் சேருது. மேல பூச்சு ஒரே சீரா ஓடுற மாதிரி போட்டிருக்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கதான் முதல்ல வெடிக்கும்."

கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. காயும்போது ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. மதுரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், மேலே இருக்கிற 12 மி.மீ. பூச்சு பாவம், கிழிந்துதான் போகும். அதனால்தான் பூசுவதற்கு முன்னால் அந்தச் சந்தில் ரெண்டு பக்கமும் படுகிற மாதிரி கம்பி வலையை வைத்து ஆணி அடிக்கிறார்கள். சைட்டில் 'சிக்கன் மெஷ்' என்பார்கள். (பிரியாணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!)

இந்த வலை என் மாடலில் இல்லை. ஸ்கிரீனில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிளானில் அந்தச் சந்துகளில் ஒரு அம்புக்குறி போட்டு 'மெஷ்' என்று எழுதிக் கொடுத்தேன். மொத்த டிராயிங்கில் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். ஸ்கூல் டூரில் தூணைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்த இடம். இந்தத் தடவை மூலை மூலையாகப் பார்த்தேன். 1636-ல் கட்டியது. உள்ளே செங்கலும் சுண்ணாம்பும். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. 1860-களின் கடைசியில் சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள். அதுவும் அடுக்குச் சுவர்தான். ஆனால் கட்டும் சுண்ணாம்பு, பூச்சும் சுண்ணாம்பு. ரெண்டும் ஒரே குடும்பம். இந்த மாதிரிப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் சிமென்ட் பூசக்கூடாது என்று சொல்வது இதனால்தான். சிமென்ட் விறைப்பானது, சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே ஈரமும் உப்பும் சேர்ந்து, கடைசியில் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். எந்த அடுக்கு எதனோடு சேரும் என்பது அப்போதே யாரோ யோசித்து வைத்த விஷயம்.

பிரின்ட் போடும் முன் ஒரு நிமிஷம்...

* புது அடுக்கு சேர்த்ததும் தடிமனுக்கு முன்னால் அதன் வேலையை மாற்றுங்கள். பூச்சு கோருக்கு வெளியே!

* ஒரே பொருளுக்கு ஒரே மெட்டீரியல். 'செங்கல்', 'செங்கல் 2', 'செங்கல் ஃபைனல்' என்று மூணு வேண்டாம்.

* சுவர் வரையும்போது 'கோர் சென்டர்லைன்' பிடித்து வரையுங்கள். நாளைக்குப் பூச்சுத் தடிமன் மாறினாலும் செங்கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

* மூலை அடம் பிடித்தால் 'வால் ஜாயின்ஸ்' கருவியை எடுத்து, எந்தச் சுவர் முழுசாகப் போகணும், எது முட்டி நிற்கணும் என்று மாற்றிப் பாருங்கள். டிஸ்அலவ் ஜாயின் கடைசி ஆயுதம்.

* ஃபைனில் வைத்து ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். 'இதை எந்த வரிசையில் கட்டுவாங்க?' என்று மனசுக்குள் கட்டிப் பாருங்கள். கட்ட முடியவில்லை என்றால் டிராயிங் தப்பு.

* முடிந்தால் ஒரு கொத்தனாரிடம் காட்டுங்கள். லேமினேஷன் பண்ணின சர்ட்டிஃபிகேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

கேம்பஸ் இன்டர்வியூவில் 'ரெவிட் தெரியுமா?' என்று இப்போது கேட்கிறார்கள். தெரியும் என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த ஆறேழு செங்கலை மேஸ்திரி மண்ணில் அடுக்கிக் காட்டிய பிறகுதான், அந்த 1-க்கும் 5-க்கும் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது.

போன வாரம் ஒத்தக்கடை பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சுவர் ஜன்னல் உயரம் வந்திருந்தது. அந்த T மூலையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் ஐயா ஹோஸைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணி அடித்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ் தம்பியா? வாங்க, வாங்க... டிராயிங் எல்லாம் கரெக்டா இருக்குன்னு மேஸ்திரி சொன்னாரு" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் யானைமலையைப் பார்த்தேன்.

அவருக்கு இந்தக் கதை தெரிய வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். அந்த மூலையில் கோடு விழாமல் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் வேற சைட்டில் சந்திப்போம்!